மங்களம் எட்டாத தூரம்

நெய்க்காரன்பேட்டையில் கதை எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு வாத்தியக்காரரை உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். வாசிப்பு இல்லாவிட்டால் கதைக்குள் இருக்கிற ஜனங்கள் அசைய மாட்டார்கள். போட்டது போட்டபடி கிடப்பார்கள். அடாணா வாசித்தால் அவர்களுக்குக் கோபம் வரும். முகாரி வாசித்தால் அழுவார்கள். நீலாம்பரி வாசித்தால் மாமியார் உட்பட எல்லோரும் தூங்கிவிடுவார்கள். எழுதுகிறவர் அதைப் பார்த்துப் பார்த்து வேகமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னலை மட்டும் சாத்தி வைக்க வேண்டும். தெருக்கோடியில் மினி பஸ் வந்து நிற்கும். அதில் அலறுகிற சினிமாப் பாட்டு உள்ளே வந்துவிட்டால் கதையில் இருப்பவர்கள் எழுந்து அந்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். மேலத்தெரு தமிழய்யா ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தார். அவருடைய சரித்திரக் கதையிலிருந்து ராஜா, மந்திரி, சேனை எல்லாம் பஸ் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரு யானை. அதற்குப் படிக்கட்டு போதவில்லை.

ஞானசுந்தரி ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தாள். அவளுக்கு வந்த தொல்லை வேறு. அந்தத் தொல்லையின் பெயர் கலியமூர்த்தி. பிடில்காரர். நெற்றி நிறைய விபூதி, பேச்சு நிறைய புத்திமதி.

அவள் எழுதிக்கொண்டிருந்தது தங்கை வடிவின் கதை. பெயரை மட்டும் மரகதம் என்று மாற்றியிருந்தாள். வடிவைக் கட்டிக்கொண்ட கடங்காரன், சோற்றில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைச் சுவரில் அடிப்பான். பிறகு அவளை அடிப்பான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருவாள். சொந்தபந்தம் அத்தனையும் அங்கே கூடி நின்று, "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி உள்ளே அனுப்பிவைக்கும். கடைசித் தடவை வடிவு வாசலுக்கு நடந்து வரவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அன்றைக்கும் அதே சொந்தபந்தம்தான் வரிசையாக நின்று மாலை போட்டது. நாசமாய்ப் போகிற ஜனம்.

கதையிலாவது அவள் வாசற்படியைத் தாண்ட வேண்டும். ஞானசுந்தரிக்கு வேறு எதுவும் வேண்டாம். புத்தகமாகக்கூட வர வேண்டாம். மரகதம் அந்த வாசற்படியைத் தாண்டிவிட்டால் போதும்.

மரகதமும் லேசுப்பட்டவள் இல்லை. கலியமூர்த்தி அடாணாவை எடுத்தால் விருட்டென்று எழுந்திருப்பாள். சேலை நாலு, படித்த சர்டிபிகேட், அம்மா கொடுத்த பித்தளைச் செம்பு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைப்பாள். சரியாக அந்த நேரம் பார்த்து கலியமூர்த்தி வில்லை நிறுத்தி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்து, "இன்னைக்கு இது போதும்மா" என்று மங்களம் வாசித்துவிடுவார்.

மங்களம் வாசித்தால் கதையில் எல்லாம் மங்களமாக முடியும். மரகதம் பையை வைத்துவிட்டு உள்ளே திரும்புவாள். விளக்கேற்றுவாள். புருஷன் தண்டபாணிக்கு இலை போட்டு, சிரித்த முகமாகச் சோறு பரிமாறுவாள். மறுநாள் அடாணா. தட்டு பறக்கும், பை நிறையும், வாசல் வரும். மறுபடி மங்களம். ஞானசுந்தரிக்குப் பேனாவை அவர் கண்ணில் குத்தலாம் போல இருந்தது.

"ஐயா, மங்களம் வேண்டாம். அப்படியே நிறுத்திட்டு எழுந்திருங்க."

"மங்களம் இல்லாம முடிக்கிறதா? நல்லா இருக்கும்மா நீங்க சொல்றது! நான் குடும்பம் நடத்துறவன். வாசிச்சதுல ஆயிரம் குத்தம் இருக்கும். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் மங்களம்."

"அவ வாசல்ல நிக்கிறா, ஐயா. ஒரே ஒரு படி."

"நிக்கட்டுமே. நின்னா உள்ள வரத்தான் போறா. பொம்பளைக்குக் கொஞ்சம் அனுசரிப்பு வேணும்."

அனுசரிப்பு! ஞானசுந்தரிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவரை அனுப்பிவிட்டு ஒரு வீணைக்காரரை வைத்துப் பார்த்தாள். அவரும் மங்களம் வாசித்தார். புல்லாங்குழல்காரர் மங்களத்தோடு வாழ்த்துப் பாட்டும் ஒன்று சேர்த்து வாசித்தார். அன்றைக்குத் தண்டபாணி மரகதத்துக்கு முழம் கணக்கில் மல்லிகை வாங்கி வந்தான். பூ வாடுவதற்குள் தட்டு பறந்தது. கடைசியில் கலியமூர்த்தியையே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அடாணாவில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கலியமூர்த்தியின் மனைவி கமலவேணி தினமும் பின்மதியத்தில் கூஜாவில் காப்பி கொண்டுவருவாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கழுநீர்" என்பார். மிச்சத்தை முற்றத்தில் கொட்டுவார். கமலவேணி கூஜாவைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். போகும்போது கதவோரம் கொஞ்சம் நின்று, மரகதம் எதுவரை வந்திருக்கிறாள் என்று தாளை எட்டிப் பார்ப்பாள். 

அன்றைக்கு மரகதம் பைகூட எடுக்காமல் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. வாசலில் வந்து நின்று, திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கலியமூர்த்தி வில்லை நிறுத்தினார். துண்டை எடுத்தார். தெருக்கோடியில் மினி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"மங்களம் வாசிச்சுடறேம்மா."

"வாசிங்க. நல்லா வாசிங்க" என்று ஞானசுந்தரி எழுந்து, ஜன்னல் கதவு இரண்டையும் அடித்துத் திறந்தாள்.

பாட்டு உள்ளே வந்து விழுந்தது. எந்தப் பாட்டு என்று தெரியவில்லை, தாளம்தான் முக்கால்வாசி. மரகதம் அடுத்த காலையும் தூக்கி வைத்தாள். படி முடிந்தது, தெரு வந்தது. அவள் ஓடவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவள் நடக்கிற நடைதான் நடந்தாள். கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ" என்றார். ஏறிக்கொண்டாள். ஞானசுந்தரி நின்றபடியே, எழுத்து கோணிக்கொண்டு போக, எல்லாவற்றையும் எழுதினாள். பஸ் புறப்பட்டது.

கலியமூர்த்தி மங்களத்தில் பாதியில் இருந்தார். பாதியில் நிறுத்துவது அவர் வழக்கம் இல்லை. மங்களம் கதைக்குள் போய் வாசலில் தேடியது. அடுப்படியில் தேடியது, கிணற்றடியில் தேடியது. மரகதம் அது எட்டுகிற தூரத்தில் இல்லை. கூடத்தில் தண்டபாணி, பஸ் பாட்டு வந்தும் எழுந்திருக்காமல், சோறு வருமென்று வெறுந்தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். யாராவது விளக்கேற்றிப் பரிமாறியாக வேண்டும். பக்கத்தில் இருந்த ஆள் கலியமூர்த்திதான். அவர் கடைசி வரியை ஒழுங்காக வாசித்து முடித்தார். பிடிலைப் பாயில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாதம் ஓய்வதற்குள் தாளுக்குள் போய்விட்டார்.

விளக்கேற்றினார். சோறு போட்டார். கரண்டியோடு குனிந்து குழம்பு ஊற்றுகையில் நாதம் ஓய்ந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

கமலவேணி கூஜாவோடு வந்தாள். பாயைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"குழம்புக்கு உப்பு பார்த்தாரா?"

"பார்க்கலைங்க."

"அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்றாள் கமலவேணி. "இனி வாசிச்சா என்ன ஆகும்?"

"அடாணா வாசிச்சா தட்டு பறக்கும். மங்களம் வாசிச்சா, அனுசரிச்சுப் போவாரு."

கமலவேணி பாயில் உட்கார்ந்து பிடிலை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தது அந்தக் கைதான். அடாணாவை எடுத்தாள். ஊரில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஞானசுந்தரி நினைத்தது தப்பு. தண்டபாணி ஒரு வாய் வைத்தான். "கழுநீர்" என்று கத்தினான். தட்டு சுவரில் பட்டுக் கலியமூர்த்தியின் காலடியில் சுழன்றது. அவர் பையைத் தேடினார். பையை மரகதம் கொண்டுபோய்விட்டாள்.

கமலவேணி அதுவரை வாசித்துவிட்டு, வில்லைக் கீழே வைத்தாள்.

"மங்களம்?" என்றாள் ஞானசுந்தரி.

"எதுக்கு?"

கூஜாவில் இருந்த காப்பியை இருவரும் பங்கிட்டுக் குடித்தார்கள். நல்ல காப்பி.

"அந்த பஸ் திரும்பி வருமா?" என்று கமலவேணி கேட்டாள்.

"கடைத்தெரு சுத்திட்டு வரும்."

உள்ளே இருக்கிற இருவருக்கும் பாட்டு கேட்காதபடி ஞானசுந்தரி தாள்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஜன்னல் திறந்தே இருந்தது. பாட்டு முதலில் வந்தது, பிறகு பஸ் வந்தது. கமலவேணி பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். சேனை படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ராஜாவும் மந்திரியும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். ஜன்னலோரத்தில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.