விருந்தாளிக்கு ஓட்டு

1.

இந்தக் கதை என் யோசனை இல்லை. மப்ரூகா மாமி சொல்ல, பூகத்வா மாமா மறுக்க, இருவரும் கூடாரத்தின் இரு மூலைகளிலிருந்து ஒருவரையொருவர் திருத்தியதில் மிஞ்சியது இது. ஊராருக்குக் கடிதமும் மனுவும் எழுதிப் பழகிய கை. எண் போட்டுத்தான் வருகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: “விடுதலை பெற்ற லிபியா ராஜ்யத்தில் ஜனநாயகத்தின் முதல் சூரியன் செம்மையாக உதித்த அந்தக் காலை—”

[அடித்துவிட்டேன். அன்று புழுதிக்காற்று. சூரியனை யாரும் பார்க்கவில்லை.]

இரண்டாவது ஆரம்பம்: “மாமியின் கிணறு இடிந்துபோயிற்று.” இது உண்மை, இருக்கட்டும். தண்ணீருக்கு மாமி கழுதையை ஓட்டிக்கொண்டு தூரத்துப் பள்ளத்தாக்குக்குப் போய் வருகிறாள். மாமா தேர்தலில் ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனால் எங்கள் பக்கம் புதுக் கிணறு வரும். எதிர்த்து நிற்கும் ரஹீல் போனால் அவர் பக்கம் வரும். அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

2.

ஓட்டுக் கேட்டுத் திரிந்த ரஹீலின் லாரி, யுத்தத்தில் மிஞ்சிய பழைய லாரி, புழுதியில் நின்றுவிட்டது. நாய் குரைத்த திசையில் தடவித் தடவி நடந்து, கைக்குப் பட்ட கூடாரத்தின் முன் நின்று கூப்பிட்டார்.

“கடவுளோட விருந்தாளி வந்திருக்கேன்!”

உள்ளேயிருந்து மாமா, திரும்பிக்கூடப் பார்க்காமல்:

“வாங்க, வாங்க! இது உங்க கூடாரம்!”

அதன் பிறகுதான் வாசல் துணி விலகியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

எங்கள் வழக்கத்தில், கூப்பிட்டவர் திரும்பிப் போக முடியாது. வரவேற்றவர் போகச் சொல்ல முடியாது. மூன்று நாளைக்கு ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கக் கூடாது. ஓட்டு மூன்றாம் நாள்.

“சாலிஹ் வாப்பா, இவனுக்கு ஆடு அறுக்கப் போறீங்களா?” என்று மகன் பெயரை வைத்து மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டாள் மாமி, பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து.

“அறுக்கணும்ல.”

“போன மாசம் பூரா இந்த ஆளைத் திட்டுனீங்களே!”

“அப்ப அவன் விருந்தாளி இல்லையே, புள்ள.”

[ரஹீல் வேண்டுமென்றேதான் வந்தாரா? “புழுதியில கண்ணு தெரியாதவனுக்கு, இத்தனை கூடாரத்துல நம்மதுதான் கால்ல தட்டுச்சாக்கும்” என்பது மாமியின் கட்சி. ஒரு வரைவில் அவரைத் தந்திரக்காரராக எழுதினேன், இன்னொன்றில் அப்பாவியாக. இரண்டிலும் நிறையச் சாப்பிட்டார்.]

3.

பட்டணத்தில் சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவார்கள். எங்கள் பொட்டல்வெளியில் குமாஸ்தா முன் நின்று பெயரை வாயால் சொல்ல வேண்டும். குமாஸ்தா ஃபரஜுக்கு ஒரு காதுதான் கேட்கும். மூன்றாம் நாள், பெரிய கூடாரம் என்று மாமாவின் கூடாரத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இரு தரப்பு ஆண்களும் கூடினார்கள். முதலில் மாமா.

“பேரு? சத்தமா.”

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளியைப் பார்த்தார். தன் கூடாரத்தில், தன் விருந்தாளி முகத்துக்கு நேரே, தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதா?

“ரஹீல்,” என்றார்.

ரஹீல் துள்ளி எழுந்தார். “என்ன ஷேக்கே இது! உங்க உப்பைத் தின்னுட்டு நான் எம்பேரையா சொல்லுவேன்? எழுதுங்க, பூகத்வா!”

“வேணாம் ரஹீல், உக்காருங்க.”

“நீங்க உக்காருங்க.”

தலைவர்கள் காட்டிய வழியில் ஆட்களும் போனார்கள். எங்கள் ஆட்கள் கசப்பு மருந்து குடித்த முகத்தோடு “ரஹீல்” என்றார்கள். அவருடைய ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு “பூகத்வா” என்றார்கள்.

“அடப்பாவிகளா, கிணறு போச்சே!” என்றது திரை.

“பொம்பளைங்க பேசக்கூடாதும்மா,” என்றார் ஃபரஜ்.

“ஓட்டுதான் இல்ல. வாயுமா இல்ல?”

ஃபரஜ் கூட்டிப் பார்த்தார். இருவருக்கும் சமம். ஒரே ஒருவன் பாக்கி.

4.

முடிவு (அ): இருவரும் கட்டிப்பிடித்து, கிணற்றைப் பொதுவில் தோண்டலாம் என்கிறார்கள். [மாமிக்குப் படித்துக் காட்டினேன். “நீ கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதப் போ” என்றாள்.]

முடிவு (ஆ): பாக்கி இருந்தவன் நான். மாமா பெயரைச் சொன்னால், அவர் வீட்டுப் பிள்ளையே அவர் விருந்தாளியைத் தள்ளிவிட்டதாகும். அதற்குப் பிறகு எந்த வழிப்போக்கனும் இந்தக் கூடாரத்தின் முன் நின்று கூப்பிட மாட்டான். ரஹீல் என்றால், மாமி நடந்துகொண்டே இருப்பாள். ஆகவே நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி,

[இந்த வாக்கியத்தை எத்தனையோ தரம் எழுதிப் பார்த்துவிட்டேன்.]

5.

எனவே கதையிலிருந்து என்னை எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

நீங்கள் எங்கள் கூட்டத்து ஆள் இல்லை என்று நழுவ வேண்டாம். இரண்டாம் பகுதியிலிருந்து இந்தக் கூடாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா? ஆக, நீங்களும் விருந்தாளி. வீட்டுக்காரர் பெயரை மானத்தோடு சொல்ல விருந்தாளியால் முடியும்.

ஆனால் மாமா உங்களையே பார்க்கிறார். தன் கூடாரத்துக்குள் தன் விருந்தாளி தோற்க வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சுகிறார். ரஹீல் பெருந்தன்மையாக வேறு பக்கம் பார்க்கிறார். காதை மட்டும் இங்கே வைத்திருக்கிறார். திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, காலியான தண்ணீர்த் தோல்பையை உங்கள் கால் வரைக்கும் தள்ளிவிட்டு உள்ளே போகிறது.

ஃபரஜ் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, கேட்கும் காதை உங்கள் பக்கம் திருப்புகிறார்.

“பேரு? சத்தமா.”