தோளில் தங்கிவிட்ட கை

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்க் காபி குடிக்கலாம்.

மேகநாதனின் இடது தோளில் ஒரு கை இருந்தது. அவனுடையது அல்ல.

பாஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் மேற்கே வில்லோஃபோர்டு என்று ஒரு சிற்றூர். அங்கே தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஊருக்குப் புதிதாக வந்த மேகநாதனைச் சங்கத் தலைவர் ராமசேஷன் ஓடிவந்து வரவேற்றார்.

“வாங்கோ, வாங்கோ! ஊர்ல எந்தப் பக்கம்?”

“விழுப்புரம் பக்கம்.”

“விழுப்புரத்துலயேவா?”

“கொஞ்சம் வெளிய.”

“எவ்ளோ வெளிய?”

கேட்டுக்கொண்டே தோளைத் தட்டினார். பார்ப்பவர்களுக்குத் தட்டுவது மாதிரிதான் இருக்கும். கை தோளிலிருந்து முதுகுக்கு மெதுவாக வழுக்கி இறங்கும். சட்டைக்குள் பூணூல் ஓடுகிறதா என்று விரல் பார்த்துக்கொள்ளும். முகத்தில் சிரிப்பு மாறாது. அங்கே அது மரியாதைக்குரியவர்களின் வழக்கம்.

விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அதற்குள் வடை வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். ராமசேஷன் போய்விட்டார். கை போகவில்லை. நவரத்தின மோதிரத்தோடு அங்கேயே தங்கித் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி பொற்கொடி கதவைத் திறந்தாள்.

“என்னாங்க இது?”

“கை.”

“யாருது?”

“சங்கத் தலைவருது.”

“அத கழட்டி வச்சிட்டு சாப்புட வாங்க.”

கழற்ற வரவில்லை. சோப்புக்கும் மசியவில்லை, விளக்கெண்ணெய்க்கும் மசியவில்லை. பிடித்து இழுத்தால் இன்னும் அன்பாகத் தட்டிக்கொடுத்தது.

அலுவலகத்தில் அவனோடு நான்கு தமிழர்கள் வேலை செய்தார்கள். கையைப் பார்த்தார்கள். மறுநாள் மதியம் அவர்களுடைய சாப்பாட்டு மேசை சரியாக நான்கு பேருக்குச் சுருங்கியிருந்தது. மனிதவளப் பிரிவில் இருந்த டெபோரா குனிந்து அனுதாபத்தோடு பார்த்தாள்.

“ரொம்ப நட்பா இருக்கே,” என்றாள். “கருப்புத் தோள்ல வெள்ளைக் கைன்னா அதுக்கு விதி இருக்கு. இது பழுப்புத் தோள்ல பழுப்புக் கை. எங்களுக்கு ஒரே ஆளாத்தான் தெரியுது.”

அவளுக்குப் பின்னால் சுவரில் ‘இங்கே அனைவரும் சமம்’ என்று இருந்தது. தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள்.

அதுவரை மேகநாதன் பொறுத்துக்கொண்டான். மகள் யாழ்மொழி பரதநாட்டிய வகுப்பிலிருந்து திரும்பிய அன்று பொறுக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. அவள் தோளிலும் ஒன்று இருந்தது. சின்னது. மருதாணி வைத்தது.

“கூட ஆடுற மதுவந்தியோடதுப்பா. ‘உங்க வீட்ல மாட்டுக்கறி செய்வீங்களா’ன்னு தோள்ல கை போட்டுக் கேட்டா. செய்வோம்னேன். அப்புறம் எடுக்கவே இல்ல.”

அன்றே அவன் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்தான். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வழக்கம் அப்படி. ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடிக் கையைத் தூக்கி ஊர்ச் சட்டத்தை முடிவு செய்யும். இனம், நிறம், மதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று ஏற்கெனவே இருந்தது. அதில் ‘சாதி’ என்று ஒரு சொல் சேர வேண்டும். சேர்ந்தால் கைகள் இறங்கியாக வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கூட்டம் அதே சாப்பாட்டுக் கூடத்தில். மேகநாதன் மைக்கை நோக்கி நடந்தான். கூடம் நீண்டது. நடக்க நடக்க மைக் பின்னால் போனது. எதிர்ப்பக்கத்திலிருந்து ராமசேஷன் இரண்டே எட்டில் வந்துவிட்டார்.

“ஜாதியா? இங்கயா? அதையெல்லாம் ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்துட்டோம். நம்ம குழந்தைகளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. இவர்தான் சொல்லிக்குடுக்கறார்.”

அவருடைய வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்க அப்படித்தான். பூணூல் போடாதவர்களும் அதில் உண்டு. அவர்கள் கை, யார் யாருக்கு என்ன குலதெய்வம் என்று விசாரிக்கப் போயிருந்தது. எல்லோரும் மிச்சக் கையால் தொடையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

மேகநாதன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். குரல் நடுங்கவில்லை. கோபம் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

“ஏர்போர்ட்ல விடல சார், என் தோள்ல விட்டுட்டீங்க. எங்கப்பாவ கெணத்துக்கிட்ட வராதன்னு அடிச்சாங்க. அவங்க கையில கம்பு இருந்துச்சு, கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. நீங்க சிரிச்சிக்கிட்டே தடவுறீங்க. எடுங்க. என் புள்ள தோள்லேர்ந்து மொதல்ல எடுங்க.”

கூட்டத் தலைவி திருமதி வின்ஸ்லோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “மிஸ்டர் ராமசேஷன், அது உங்க கையா?”

“என் கை வீட்ல இருக்கு.”

“நன்றி. தெளிவாயிடுச்சு. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

மேகநாதன் தூக்கினான். பொற்கொடி தூக்கினாள். நூலகத்துக்காரி தூக்கினாள், பேருந்து ஓட்டுபவர் தூக்கினார், இன்னும் பலர் தூக்கினார்கள்.

“எதிர்க்கிறவங்க.”

ஒற்றைக்கை வரிசை எழுந்தது. அவர்களுக்கு வேண்டியவர்களும் தூக்கினார்கள். எண்ணிப் பார்த்ததில் எதிர்ப்பு ஒன்று குறைந்தது. பொற்கொடி மூச்சு விட்டாள்.

அப்போது மேகநாதனின் தோளில் இருந்த கை எழுந்தது. மோதிரம் மின்ன, எல்லாக் கைகளையும்விட உயரமாக நின்றது.

“இந்த ஆள் ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டிருக்கார்,” என்றார் எண்ணியவர். “செல்லாது.”

“அது என் கை இல்ல!”

“உங்க உடம்புலதானே இருக்கு?” என்றாள் தலைவி. “உங்களைக் கழிச்சா ரெண்டு பக்கமும் சமம். சமமா வந்தா தீர்மானம் தோல்வி.” ‘சமம்’ என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

கை இறங்கியது. அவனுக்கு ஆறுதலாக இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு மறுபடி தேட ஆரம்பித்தது.

வாசலில் யாழ்மொழி காத்திருந்தாள்.

“ஜெயிச்சமாப்பா?”

“இல்லம்மா. அடுத்த வருஷம் திரும்பக் கேப்போம்.”

“அதுக்குள்ள இது பெருசாயிடுமா?”

மேகநாதன் குனிந்தான். அவள் தோளில் இருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். ஒவ்வொன்றாக அவை மடங்கிக்கொண்டன. அவன் மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினான்.

உயர்த்திச் சத்தியம் செய்தேனே, அந்த வலது கை எனக்கு இல்லை. போன பொங்கலுக்குப் போனது, இன்னும் வீடு திரும்பவில்லை.