குடிக்காதவர் வைத்த பார்

மகளின் கல்யாண வரவேற்புக்குப் பிடித்திருந்த மண்டபத்தில் ஒரு வசதி இருந்தது. மதுவை வீட்டாரே வாங்கி வந்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது பெண்ணின் அப்பா கையைத் தூக்கினார். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். மனிதர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இந்த ஐம்பத்தாறு வயதுவரை ஒரு சொட்டு மது அவர் நாக்கில் பட்டதில்லை.

“அப்பா, பீருக்கும் வைனுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?” என்றாள் மகள்.

“கடையில இருக்கிற மருந்தையெல்லாம் குடிச்சுப் பாத்துட்டா விக்கறேன்?” என்றார் அவர்.

மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர் அவர். “நானும் துணைக்கு வரேன் சம்பந்தி. எங்க ஆளுங்களோட தாகம் எனக்குத்தான் தெரியும்.”

மருந்துக்கடைக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அடுத்த மூன்று நாளும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தார். நூற்றுப் பத்து விருந்தினர்களையும் ஒருவர் விடாமல் அழைத்து, என்ன குடிப்பீர்கள், எத்தனை கிளாஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டார். குடிப்பதில்லை என்றவர்களின் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போனார்.

பட்டியலைப் பார்த்த சம்பந்தியம்மாவுக்குப் புருவம் ஏறியது. “எங்க சின்ன மாமா ஒரே ஒரு கிளாஸா? அவரே சொன்னாரா?”

“அடிச்சுச் சொன்னார்.”

“இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்ற பதில் சம்பந்தி. எல்லாத்தையும் ரெண்டால பெருக்குங்க. சின்ன மாமாவை மட்டும் நாலால.”

பெருக்கி முடித்து, பயிற்சிக் காரிலேயே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பின்னிருக்கை முழுக்கப் பெட்டிகள். சம்பந்தியம்மா ஓட்ட, இவர் பக்கத்தில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடத்தில் இருந்தார். அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. மேடு பள்ளத்தில் பாட்டில்கள் கிணுகிணுக்கும்போதெல்லாம் இவர் கால் தானாகப் போய் அதை மிதித்தது. கார் முக்கி முக்கி நின்றது.

“சம்பந்தி, அந்தக் காலைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்கறீங்களா? இப்படிப் போனா கல்யாணம் முடிஞ்சுதான் போய்ச் சேருவோம்.”

மிச்ச தூரமும் அவர் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தார்.

வரவேற்பு மாலை நான்கு மணிக்கு. மூன்று மணிக்கெல்லாம் தொட்டிகளில் பனிக்கட்டி நிரப்பி, பாட்டில்களைப் புதைத்து, கிளாஸ்களைத் துடைத்து அடுக்கியாகிவிட்டது. அப்போதுதான் ஊற்றிக்கொடுக்க அமர்த்தியிருந்த ஆளிடமிருந்து போன் வந்தது. முதுகு பிடித்துக்கொண்டதாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம். மருந்துக்கடைக்காரர் முதலில் எந்தத் தைலம் தடவ வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

முதலில் வந்தவர் சின்ன மாமா. “ஒரு விஸ்கி.”

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“வெறும் வயித்துலயா? அதோ அந்தப் பக்கம் போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாங்க. எடுத்து வைக்கறேன்.”

சின்ன மாமா மறுபேச்சுப் பேசாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அளவுக் குப்பியில் ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் விஸ்கி அவருக்காகக் காத்திருந்தது. கார் ஓட்டி வந்தவர்களிடம் மருந்துக்கடைக்காரர் சாவியைக் கேட்டு வாங்கினார். சர்க்கரை வியாதிக்காரர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். யாருக்கும் கோபம் வரவில்லை. வரிசை நீண்டது.

ஏழு மாதக் கர்ப்பிணியான மாப்பிள்ளையின் அக்கா வந்து நின்றாள். “எனக்கு என்ன மாமா இருக்கு?”

குனிந்து தொட்டிகளைத் துழாவினார். பீர், வைன், விஸ்கியில் கலக்கும் சோடா. வேறொன்றும் இல்லை. பட்டியலில் தான் அடித்துவிட்ட பெயர்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. முப்பத்தோரு பேர். குழந்தைகளை எண்ணவே இல்லை. காது மடல் சூடாகிவிட்டது அவருக்கு.

விஷயத்தைக் கேட்ட சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “குடிக்காத மனுஷர், குடிக்காதவங்களையே மறந்துட்டீங்களே!” சிரித்துக்கொண்டே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அரை மணி நேரத்தில் ஒரு மூட்டை எலுமிச்சை, இஞ்சி, புதினா, சர்க்கரையோடு பட்டுப்புடவையில் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

அவர் பிழிந்தார். இவர் கலந்தார். இஞ்சிச் சாறு, சர்க்கரைப்பாகு, சிட்டிகை உப்பு. கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்து, இன்னும் நாலு பழம் பிழியச் சொன்னார். பனிக்கட்டியைப் போட்டு, மேலே புதினா செருகி நீட்டினார். மாப்பிள்ளையின் அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திரும்ப நீட்டினாள்.

“மாமா, இந்த மருந்து இன்னொரு கிளாஸ்!”

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “எனக்கொரு மருந்து”, “இங்க ரெண்டு மருந்து” என்று நாலா பக்கமும் குரல். கடைசியில் சின்ன மாமாவே விஸ்கி கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றார். “எனக்கும் ஒண்ணு குடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்தபோது மணப்பெண் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, காலிப் பெட்டி ஒன்றின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். “எல்லாரும் உங்களைப் பத்தியேதான் பேசறாங்க. இது என் கல்யாணமா, உங்க கல்யாணமாப்பா?”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் ஓடிப்போய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தியம்மாவும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே தட்டில் மூன்று பேர் கையும் போய் வந்துகொண்டிருந்தது.