சாம்பல் வீட்டுக்கு நாலு மார்க்

மாலை வகுப்பில் அவளுக்கு 'ஏழரை' என்று பேர். பத்துக்கு ஏழரைக்கு மேல் எந்த ஆல்பத்துக்கும் அவள் மார்க் போட்டதில்லை. அவள் வாயைத் திறந்தால் யாருக்காவது ஏழரை ஆரம்பித்துவிடும் என்றும் சிலர் விளக்கம் சொன்னார்கள்.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. வாரத்தில் மூன்று மாலை ஒலிப்பதிவு வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் பாட்டு. அதற்கும் சட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இடையில் எழுந்திருக்காமல், மூன்று முறை கேட்க வேண்டும். அதுவரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது, அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது. அப்புறம்தான் நோட்டில் பேனா வைக்கலாம்.

நாலு தாடிக்காரர்கள் வாசித்த ராக் ஆல்பத்தைப் பற்றி, "கிதார் நன்றாக அழுகிறது. ஏன் அழுகிறது என்று பாடகருக்குத் தெரியவில்லை. ஆறு" என்று எழுதியிருந்தாள். ஊரெல்லாம் முணுமுணுத்த பாப் பாடகிக்கு, "பதினோரு பாட்டிலும் ஒரே கைதட்டல். அந்தக் கையை யாராவது பிடித்து உட்கார வைக்கலாம். மூன்றரை." பியானோ ஆல்பம் ஒன்றுக்கு மட்டும், "பின்னால் நாற்காலி கிரீச்சிடுகிறது. அதை வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார்கள். ஏழரை. எட்டு போடலாமா? அவசரப்படாதே."

இந்த நோட்டைத்தான் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சும்மா பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனார். அவர் உள்ளூர் வானொலியில் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆல்பங்களைப் பற்றிப் பேசுகிறவர். நல்ல குரல். அந்தக் குரலை நம்பியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னறை ரேடியோவில் அவருடைய குரல் கேட்டபோது அவள் கையில் யாருடைய இடது கண்ணோ இருந்தது. "அந்தக் கைதட்டல் இருக்கே, அந்தக் கைய யாராலயும் புடிச்சு உக்கார வைக்க முடியாது. எட்டு மார்க்" என்றார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். வாக்கியத்தை எடுத்தது போதாதென்று குப்புறக் கவிழ்த்தும் விட்டிருந்தார். ஒருவேளை தற்செயலோ என்று ஒரு நிமிடம் தன்னையே சந்தேகப்பட்டாள்.

அடுத்து 'சாம்பல் வீடு' வந்தது. இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட ராக் ஆல்பம். பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தாள். அவள் எழுதியது இது: "முதல் பாட்டிலேயே வீட்டைக் கொளுத்திவிட்டு, பிற்பாதியில் செங்கல் அடுக்குகிறார்கள். தலைகால் புரியவில்லை. நாலு." அத்தான் வாயில் அது, "முதல் பாட்லயே வீட்டக் கொளுத்திட்டு அப்புறம் செங்கல் அடுக்குற துணிச்சல் யாருக்கு வரும்? எட்டரை" என்று மாறியது.

உடனே ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், ரெண்டாவது தட்ட முதல்ல போட்டுட்டீங்க" என்றார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அத்தான் அவசரமாக விளம்பரத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தட்டுகள் இடம் மாறித்தான் இருந்தன. முன்னால் வைத்திருந்தவர் செய்த வேலை. அட்டையைப் படிக்கக் கூடாது என்ற தன் சட்டத்தால் மூன்று முறையும் தலைகீழாகவே கேட்டிருந்தாள். திருட்டுக் கொடுத்தவளுக்குக் கோபம்தான் வர வேண்டும். வந்தது, ஆனால் கூடவே வெட்கமும் வந்தது. அந்த வெட்கம் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

மறுநாள் அத்தான் அக்காவோடு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். வந்தவர் நோட்டை மேசையில் போட்டுவிட்டு, அவளால் தன் மானம் காற்றில் பறந்துவிட்டதாகக் கத்தினார். மூன்று முறை கேட்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவள் தட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டாளா என்றார். திருடிக்கொண்டு போன குடை ஒழுகுகிறது என்று சண்டைக்கு வருகிற மாதிரி இருந்தது.

"வர்ற சனிக்கிழமைக்குள்ள சரியாக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் குடு. சமாளிச்சுக்கறேன்."

"யாரு பேர்ல அத்தான்?"

"எழுதுனது யாருன்னா கேக்கப் போறாங்க? குரல் என்னுது."

அக்கா சமையலறைப் பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனாள். இந்த வேலையும் போனால் அவர் வீட்டில் உட்கார்ந்து தன் உயிரை எடுப்பார் என்றாள். "உனக்கு இது பொழுதுபோக்குதானேடி. விட்டுக் குடேன்."

பொழுதுபோக்கு என்ற அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம் 'சாம்பல் வீடு' ஆல்பத்தைச் சரியான வரிசையில் மூன்று முறை கேட்டாள். தேறக் கூடாது என்றே வேண்டிக்கொண்டு கேட்டாள். ஆனால் சுவர் எழும்பும்போது அது எரியப்போவது தெரியாமல் வீட்டைக் கட்டுகிற ஆள் சீட்டியடிக்கிறான். அந்தச் சீட்டியை அவளும் அடித்துப் பார்த்தாள். ஐந்தரை போட வேண்டியதாயிற்று. அதில் இன்னும் எரிச்சல். அதற்கு மேல் கால் மார்க் கூடக் கிடையாது என்று கீழே கோடு கிழித்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு முதலாளியம்மாவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, கடைத் தொலைபேசியிலிருந்து வானொலிக்கு அழைத்தாள். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"வணக்கம், சொல்லுங்க நேயரே" என்றார் அத்தான்.

"போன வாரம் நீங்க படிச்சது நான் எழுதுனது. தட்ட மாத்திப் போட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எட்டரை என் தப்பு இல்ல. நான் போட்டது நாலு. இப்ப சரியாக் கேட்டுட்டேன், அஞ்சரை. அந்தப் பாப் பாடகிக்கு மூணரைதான், அது மாறாது."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னறை ரேடியோவிலும் அதே மூச்சு கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது, ஏதோ ஒரு பாட்டு ஓடத் தொடங்கியது.

அவள் ரிசீவரை வைத்த கையை எடுப்பதற்குள் தொலைபேசி மணி அடித்தது. யார் என்று தெரியும். வாடிக்கையாளர்தான் என்று நினைத்து முதலாளியம்மா கை நீட்டுவதற்குள் அவளே எடுத்தாள்.

"சொல்லுக்கா" என்றாள்.