செங்கல் நிறச் சட்டை

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர் என்று சொல்வேன். பதினொரு பேராகவும் இருக்கலாம். படங்களுக்கு நிறம் திருத்தும் வேலையில் பல வருடம் இருந்தால் இப்படித்தான். திருத்தியது மனதில் நிற்கும், இருந்தது போய்விடும்.

குடும்பப் படம். எல்லோரும் வெளிர் நீலத்தில் வந்திருந்தார்கள். பெரியவர் மட்டும் செங்கல் நிறச் சட்டை போட்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கும் நீலம் எடுத்து வெச்சிருந்தேனே" என்றார் மருமகள்.

"நான் என்ன ஸ்கூல் பிள்ளையாம்மா, யூனிஃபார்ம் போட?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படம் எடுத்து முடிப்பதற்குள் பெரியவர் என்னை யாரென்று மூன்று முறை கேட்டார். மகன் சலிக்காமல் மூன்று முறையும், "கலர் சரி பண்றவங்கப்பா" என்றார். மறதி வந்து ஒரு வருடம் ஆகிறது என்று பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்.

கிளம்பும்போது மருமகள் என் மேசைப் பக்கம் குனிந்தார். "மேடம், அந்தச் சட்டையை நீலமாக்கிட முடியுமா? மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த முதலாளி முந்திக்கொண்டார். "எங்க கண்ணாடி நினைச்சா காக்காவையே கொக்கா மாத்திடும்." என் மூக்கின் மேல் இருப்பதை வைத்து அவர் எனக்கு இட்ட பெயர் அது.

சட்டையைச் சுற்றிக் கோடு வரைந்து அதன் நிறத்தை மட்டும் நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் சிவப்புத் துணி சும்மா இருப்பதில்லை. பெரியவரின் தாடைக்கு அடியில், பக்கத்தில் நின்ற பேத்தியின் முழங்கையில் எல்லாம் தன் சாயலைப் பூசியிருந்தது. அதை விட்டுவைத்தால் குட்டு உடைந்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் துடைத்தேன். ஒரு மணிக்குப் படத்தை அனுப்பினேன். எந்தக் கண்ணுக்கும் தெரியாத வேலை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

நாலு மணிக்கு மகன் ஃபோன் செய்தார்.

"மேடம், அப்பாவைக் காணோம். சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தார். நாங்க எழுந்து பார்த்தா வாசக்கதவு திறந்து கிடக்கு. காலையில எடுத்ததுல அவரை மட்டும் வெட்டி அனுப்புங்க. அதே சட்டையோடதான் போயிருக்கார்."

திரையில் திறந்திருந்தது முடித்த படம். அவசரத்தில் அதிலேயே வெட்டி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அது ஊர் முழுக்க ஃபோன் ஃபோனாகப் போய்விட்டது.

ஐந்தரைக்கு மகன் நேரில் வந்தார். பஸ் நிலையத்தில் ஆள் ஆளாகக் காட்ட நூறு பிரதி வேண்டுமாம். இயந்திரம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஃபோன் வந்தது.

"சொல்லுங்க... எந்த பெட்ரோல் பங்க்? வயசானவரா? சிவப்புச் சட்டையா? இல்லீங்க, எங்கப்பா நீலம். படத்துல இருக்கே. பரவாயில்லைங்க." வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: மதியத்திலிருந்து அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, காலையில் தன் கண்ணால் கண்ட சட்டையை அவர் மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றிய நானே மறந்திருந்தேன்.

"நீலம் இல்ல சார்" என்றேன். "நான்தான் மாத்தினேன்." மூலப் படத்தைத் திறந்து காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல், வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தார்.

"கிளம்பிட்டாரா? எந்தப் பக்கம்? ஆத்துப் பாலத்துக்கா?"

முதலாளி அதற்குள் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். "ஏறுங்க சார், பேச நேரமில்ல."

அவர்கள் போனதும் மூலப் படத்தை மகனுக்கும் ஸ்டூடியோ ஃபோனில் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பினேன். "சட்டை சிவப்பு. முன்பு வந்த படம் தவறு. தவறு என்னுடையது" என்று கீழே எழுதினேன். பிறகு செய்ய எதுவும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. அது நீலச் சட்டைக்காரரை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக்கொண்டே இருந்தது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

இருபது நிமிடம் இருக்கும். ஃபோனில் முதலாளியின் குரல் மூச்சிரைத்தது.

"கண்ணாடி, கிடைச்சிட்டார். பாலத்து நடுவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எங்களைப் பார்த்து, 'என்ன தம்பி, வழி தெரியலையா'ன்னு கேக்குறார்."

பின்னால் யாரோ சிரிப்பதும் அழுவதுமாக ஒரு சத்தம். மகனாகத்தான் இருக்கும். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். அதன்பின்தான் எழுந்து இயந்திரத்தை நிறுத்தினேன்.

பெரியவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேத்தி செவிலியர் படிப்பு படிக்கிறாள். முதலாளி முட்டிவலி வந்து ஸ்டூடியோவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஃபோன் செய்து தகவல் சொன்ன பெட்ரோல் பங்க் பெண்ணை யாரும் நேரில் பார்க்கவில்லை. நான் அதே மேசையில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.