இன்னொரு மெட்டி

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் பவானி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

பிறவியிலேயே அவளுக்குத் தட்டைப் பாதம். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் நின்று நின்றே, இரண்டு கால் பெருவிரலும் பக்கத்து விரல்மேல் ஏறிவிட்டன. அந்த விரலில் மெட்டி மாட்ட முடியாமல் போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. வலது காலுக்கு மட்டும் ஆபரேஷன் செய்து இன்றோடு இரண்டு வருஷம். "தட்டைப் பாதத்துக்கு ஆபரேஷன் நிக்காதுடி, எலும்பு பழையபடி சாஞ்சிரும்" என்று நாத்தனார் பிச்சையம்மாள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாதம் தட்டையாத்தான் இருக்கும்மா. ஆனா நேராக்கின விரல் இம்மிகூட சாயல" என்றார் டாக்டர்.

"கேட்டீகளா!" கணவன் ஈஸ்வரபாண்டியின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள் பவானி. "உங்க அக்காவுக்குப் போனைப் போடுங்க. நானே சொல்றேன்!"

அவன் போனை எடுப்பதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு வெள்ளி மெட்டிகள். குனிந்து ஒன்றை வலது காலில் மாட்டினாள். தடையில்லாமல் போய் உட்கார்ந்தது.

மற்றதைக் கையில் பிடித்தபடி இடது காலை டாக்டருக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுக்கு எப்பய்யா தேதி?"