நானூற்று ஏழாம் கதவு

பெல்மான்ட் கட்டடத்தில் கதவு என்றால் வெர்ன் ஹுடாக்தான். அறுபத்தேழு வயது. மற்ற தச்சர்கள் சுவரோடும் கூரையோடும் மல்லுக்கட்ட, பழைய கதவுகள் எழுபத்திரண்டையும் கழற்றி, சுரண்டி, மெருகேற்றித் திரும்ப மாட்டுவது அவர் பாடு. நகரின் நட்டநடுவில் நூறு வருடமாக நிற்கும் ஆறு மாடிக் கட்டடம் அது. வக்கீல்களும் பல் மருத்துவர்களுமாக ஒரு காலத்தில் நிறைந்து கிடந்தது. பிறகு பதினைந்து வருடம் புறாக்கள் வாடகை தராமல் குடியிருந்தன. இப்போது மேலே வீடுகள், கீழே கடைகள் என்று முடிவாகிவிட்டது. காப்பிக் கடை போடப்போகிற ஒருவன் அதற்குள் வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போனான்.

பழசு கெடாமல் புதுப்பித்தால் அரசாங்கம் வரியில் கழித்துக்கொடுக்கும். அதனால் நடைவழி அன்றிருந்தபடியே இருக்க வேண்டும், ஒரு கதவுகூடக் குறையக் கூடாது. ஆனால் இரண்டு அறையைச் சேர்த்தால்தான் ஒரு வீடு தேறும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு கதவு பொய்க் கதவு. வெளியே பித்தளைக் கைப்பிடியும் கண்ணாடியும் எண்ணும் ஜோராக இருக்கும். உள்ளே ஜிப்சம் போர்டு வைத்து அடைத்துவிடுவார்கள். இந்த யோசனை உதித்த மண்டைக்கு ஒரு பெரிய கும்பிடு போடலாம்.

கண்ணாடிகளில் எழுதியிருந்த பெயர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய எழுத்து என்றால் சரித்திரம், இருக்கலாம். அதற்குப் பிந்தியது என்றால் குப்பை, சுரண்டிவிட வேண்டும். அந்தச் சட்டப்படி என்றோ செத்துப்போன ஒரு பல் மருத்துவரின் பெயர் மூன்றாம் மாடியில் தப்பித்துக்கொண்டது.

நாலாம் மாடியில், நானூற்று ஏழாம் கதவில், தங்க எழுத்தில் 'லோரெட்டா – உடை திருத்தகம்' என்று எழுதியிருந்தது. லோரெட்டா வெர்னின் மனைவி. பிப்ரவரியில் இறந்துபோனாள். இப்போது அக்டோபர்.

வெர்ன் அழவில்லை. அடக்கத்தன்று அழவில்லை, அவள் சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுத்த அன்றும் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரமரப்பு இன்னும் இறங்காத மாதிரி இருந்தது. டப்பா சூப்பைச் சுடவைத்துச் சமையலறைத் தொட்டியருகே நின்றபடியே குடிப்பார், அது தக்காளியா கோழியா என்று தெரியாது. ஊரார் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தார். 'மனுஷன் கல்லாட்டம் இருக்கான்' என்று பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கதவை இரண்டு முறை தட்டாமல் திறக்கக் கூடாது என்பது லோரெட்டாவின் சட்டம். உள்ளே எவளாவது மணப்பெண் பாதி உடுப்பில் நிற்பாள். "இருங்க, துணி மாத்துறாங்க!" என்று லோரெட்டாவின் குரல் வரும். வெர்ன் மதியச் சாப்பாட்டுப் பையோடு நடைவழியில் நிற்பார். அப்படி இருபத்தாறு வருடம் நின்றார்.

கட்டடத்தின் சரித்திரம் பார்க்கிற பெண் இன்கிரிட் செவ்வாய்க்கிழமை காலை பட்டியலோடு வந்தாள். மேஸ்திரி கர்ட்டிஸும் கூட வந்தான். அவளுக்கு முன்பே அவன் வெர்ன் காதில் ஓதிவைத்திருந்தான். இருபது வருடமாக இருவரும் ஒரே கம்பெனி.

"பேரு எழுதினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூணுலன்னு சொல்லிடு. அவகிட்ட எந்த ரெக்கார்டும் இல்ல. உன் வாய்தான்யா சாட்சி."

இன்கிரிட் கதவுக்கு முன்னால் நின்றாள். "வெர்ன், இது எப்ப எழுதினதுன்னு எதுலயும் கிடைக்கல. எழுத்தைப் பாத்தா எழுபதுகள் மாதிரியும் இருக்கு. நீங்க இந்த ஊர்தானே, தெரியுமா உங்களுக்கு? நீங்க சொல்றதையே எழுதிக்கிறேன்."

லோரெட்டா யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேனா ஏற்கெனவே எழுபதுக்கான ஏழை எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்காக நின்றது. கர்ட்டிஸ் பின்னாலிருந்து புருவத்தை உயர்த்தினான். ஒரே ஒரு வார்த்தையில் லோரெட்டாவின் பெயர் இன்னொரு நூறு வருடம் நின்றுவிடும். வெர்னுக்கு அது நன்றாகத் தெரியும்.

"எண்பத்து மூணு. அக்டோபர்," என்றார்.

கர்ட்டிஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்யா, ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"எழுபத்து மூணுல அவளுக்குப் பதினாலு வயசு. பத்து வருஷத்தைக் கூட்டிச் சொன்னா என்னைச் சும்மா விடுவாளா? இருக்கிற வயசுலயே மூணைக் குறைச்சுச் சொல்றவ." கைத்துணியால் பித்தளைப் பிடியைத் துடைத்தார். "அப்புறம், லிஃப்ட் ரிப்பேரான அன்னிக்கு அந்தத் தையல் மிஷினை நாலு மாடி முதுகுல தூக்கினவன் நான். எழுபத்து மூணுல நான் யாருன்னே அவளுக்குத் தெரியாதே. அப்ப யாரு தூக்கினா?"

இன்கிரிட் எண்பத்து மூன்று என்று எழுதினாள். ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைப்பதாகச் சொன்னாள். "எடுத்துக்கோம்மா," என்றார். சுரண்ட வேறு ஆளைப் போடட்டுமா என்று கர்ட்டிஸ் கேட்டான். "கதவு என் வேலை," என்றார்.

கை பட்டு அழியாதிருக்க, எழுத்தை உள்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார்கள். சுரண்டவும் உள்ளேயிருந்துதான் சுரண்ட வேண்டும். வெர்ன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். லோரெட்டாவின் தையல் மிஷின் முன்பு அங்கேதான் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததேயில்லை. எழுத்துகள் இடம்வலமாக மாறித் தெரிந்தன. தன் பெயரை அவள் இருபத்தாறு வருடம் இப்படித்தான் பார்த்திருப்பாள் போலும். அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினார். தங்கம் சுருள் சுருளாக உதிர்ந்து அவர் முழங்காலில் விழுந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஸ்பிரிட்டில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நெஞ்சில் ஏதாவது நகர்கிறதா என்று பார்த்தார், ஒன்றும் நகரவில்லை. எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டு, ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தார்.

மதியத்துக்குமேல் கதவை நிலைச்சட்டத்தோடு சேர்த்து எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கண்ணாடியின் பின்னால் கறுப்புத் தாள் ஒட்டி, ஜிப்சம் போர்டை நிறுத்தி அடைத்தார். அடுத்த அறை வழியாகச் சுற்றிக்கொண்டு நடைவழிக்கு வந்து, வெளியிலிருந்து வேலையைப் பார்த்தார். நேர்த்தியாக இருந்தது. அது பொய்க் கதவு என்று யாரும் சொல்ல முடியாது.

நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். வெர்ன் கருவிப் பெட்டியை ஒரு கையிலும் சாப்பாட்டுப் பையை மறுகையிலும் எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்தார். நானூற்று ஏழின் முன்னால் கால் நின்றது. பெட்டியைக் கீழே வைத்தார். கை தானாக எழுந்து இரண்டு முறை தட்டியது.

பின்னால் சுவர் இருந்ததால் சத்தம் மொத்தென்று வந்தது. அவர் சாப்பாட்டுப் பையோடு நின்றார்.

படியிறங்கப் போன கர்ட்டிஸ் திரும்பிப் பார்த்தான். "என்ன வெர்ன், யாருக்கு நிக்கிற?"

"இரு," என்றார் வெர்ன். "துணி மாத்துறாங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கர்ட்டிஸ் ஓடிவருவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிப்ரவரியில் வராத அழுகை அங்கே வந்தது.